காற்றில் விளக்கேற்றிய ஆசான் பௌல் லா கூர்

காற்று விளக்கை அணைக்கும் என்பது உலகோர் அனைவரும் அறிந்த ஒன்று. வீசும் காற்றினின்று விளக்கைக் காப்பதற்கென்றே நம் முன்னோர் வீட்டுச் சுவர்களில் மாடக்குழிகளை அமைத்தனர். அக்காற்றைக் கொண்டே விளக்கை ஏற்றவும், காற்று ஓய்ந்த இரவிலும் அவ்விளக்கு அணையாதிருக்கவும் வழி தேடியவர் ஒருவர் உண்டு. அவர் டென்மார்க் நாட்டின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் முப்பதாண்டுக் காலம் ஆசிரியராக விளங்கிய பௌல் லா கூர் ஆவார். தம் நாட்டு மக்களால் டென்மார்க்கின் எடிசன் என்று போற்றப்பெறும் இப்பெருமகனாரைத் தமிழ் மாணவர் பலரும் அறிந்திலர்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்பொழுது, முப்பந்தல் சமவெளியில் வெண்ணிறத் தூண்கள் நூற்றுக்கணக்கில் நிற்பதையும், அவற்றின் தலையில் மூன்று இறக்கைகள் சுழல்வதையும் காண்பர். காணும் மாணவர் உள்ளத்தில் இரு வினாக்கள் எழுவது இயல்பு. காற்று எவ்வாறு மின்சாரமாகிறது என்பது ஒன்று. காற்று நின்றுவிட்டால் என் செய்வது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குப் பாடநூல்களிலேயே விடையுண்டு. இரண்டாம் வினாவே கடினமானது. இவ்விரண்டாம் வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டவர் லா கூர். அவர்தம் வாழ்வையும் பணியையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

பௌல் லா கூர் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், எபெல்டாஃப்ட் என்னும் சிறுநகரை அடுத்த பண்ணை ஒன்றில் பிறந்தார். இவர்தம் முன்னோர் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பிரான்சு நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பத்தினர். லா கூர் என்னும் பிரெஞ்சுப் பெயர் டென்மார்க் நாட்டவர் ஒருவருக்கு அமைந்த காரணம் இதுவே. தந்தையார் உழவர். ஆதலின் மண்ணோடும் மழையோடும் காற்றோடும் பழகும் வாழ்வு இவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

இளமையில் சமயகுருவாக வேண்டும் என்னும் எண்ணம் இவருக்கு இருந்தது. பின்னர் அவ்வெண்ணம் மாறி, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். வானிலையியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு 1869-இல் பட்டம் பெற்றார். 1872-ஆம் ஆண்டு டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றபொழுது அதன் துணைத் தலைமைப் பொறுப்பு இவரை நாடி வந்தது. அப்பொழுது இவருக்கு வயது இருபத்தாறே. காற்றின் திசையையும் வேகத்தையும் நாள்தோறும் அளந்து பதியும் துறையில் தொடங்கிய இப்பணி, பிற்காலத்தில் இவர் செய்யவிருந்த அரும்பணிக்கு அடித்தளமாயிற்று என்று கருதலாம்.

இசைக்கவையும் தந்தியும்

வானிலைச் செய்திகள் ஊர்விட்டு ஊர் செல்லத் தந்தியே அந்நாளில் துணை. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு செய்தியையே அனுப்ப இயலும் என்னும் நிலை பெருந்தடையாக இருந்தது. இத்தடையை நீக்க லா கூர் இசைக்கவையைத் துணைக்கொண்டார். ஒவ்வோர் இசைக்கவையும் தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டுமே அதிரும். அனுப்பும் இடத்தில் பல இசைக்கவைகளை அதிரச் செய்து, அவ்வதிர்வுகளை மின்னோட்டமாக ஒரே கம்பியில் செலுத்தினால், பெறும் இடத்திலுள்ள இசைக்கவைகள் தத்தமக்குரிய அதிர்வை மட்டும் ஏற்று ஒலிக்கும். இவ்வாறு ஒரே கம்பியில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பும் முறையை இவர் 1874-ஆம் ஆண்டளவில் கண்டார். அமெரிக்காவில் எலிஷா கிரே, கிரகாம் பெல் ஆகியோரும் அதே காலத்தில் இத்துறையில் முனைந்திருந்தமையால், முதலில் கண்டவர் யார் என்னும் வழக்குகள் எழுந்தன. இசைக்கவையின் சீரான அதிர்வைக் கொண்டு ஒரு சக்கரத்தை மாறாத வேகத்தில் சுழலச் செய்யும் கருவியையும் இவர் படைத்தார். ஒலிச்சக்கரம் எனப்படும் அது பிறநாட்டுத் தந்தித் துறையிலும் பயன்பட்டது.

புகழும் பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த வேளையில், 1878-ஆம் ஆண்டு, தலைநகரையும் அரசுப் பதவியையும் விட்டு நீங்கி, அஸ்கோவ் என்னும் சிற்றூரில் அமைந்த மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார் லா கூர். அவர் வாழ்வின் பெருந்திருப்பம் இதுவாகும்.

அஸ்கோவ் மக்கள் உயர்பள்ளி

மக்கள் உயர்பள்ளி என்பது டென்மார்க்கிற்கே உரிய தனிச்சிறப்பு வாய்ந்த கல்விநிலையம். சமய அறிஞரும் கவிஞருமான குருண்ட்விக் என்பாரின் சிந்தனையில் பிறந்தது. உழவர் வீட்டு இளைஞர்கள் வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் அங்கேயே தங்கிப் பயில்வர். தேர்வு இல்லை; பட்டமும் இல்லை. மனிதனை மனிதனாக வாழச் செய்யும் அறிவே அங்குக் குறிக்கோள்.

1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தன் தென்பகுதியைப் பெருமளவில் இழந்தது. ரோடிங் என்னும் ஊரில் 1844-இல் தொடங்கப்பெற்ற முதல் மக்கள் உயர்பள்ளி, எல்லைக்கு அப்பால் அயலார் ஆட்சிக்குள் சென்றுவிட்டது. அதன் ஆசிரியர்கள் எல்லைக்கு இப்பாலுள்ள அஸ்கோவிற்கு வந்து 1865-இல் புதிய பள்ளியை நிறுவினர். இழந்த நிலத்தை அறிவாலும் உழைப்பாலும் ஈடுசெய்தல் வேண்டும் என்னும் வேட்கை அந்நாட்டு மக்களிடையே ஓங்கியிருந்த காலம் அது. அவ்வேட்கையே லா கூரையும் அங்கு ஈர்த்தது எனலாம்.

அஸ்கோவில் அவர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். முடிந்த முடிபாக ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விக்கும் முறையை அவர் மேற்கொள்ளவில்லை. அவ்விதியை மனிதகுலம் எவ்வாறு தேடிற்று, எங்கே தவறிற்று, எவ்வாறு கண்டடைந்தது என்னும் வரலாற்றை எடுத்துரைத்து, மாணவரையும் அத்தேடலில் உடன் நடக்கச் செய்தார். இம்முறையில் அவர் எழுதிய வரலாற்றுக் கணிதம் 1881-இல் வெளிவந்தது. யாக்கோப் ஆப்பெல் என்னும் சக ஆசிரியருடன் இணைந்து வரலாற்று இயற்பியல் என்னும் நூலையும் எழுதினார். அறிவியலைக் கதையாகச் சொல்ல இயலும் என்பதற்கு இந்நூல்கள் சான்றாகும்.

சிற்றூர் இருளில் ஆழ்ந்திருக்க, நகரங்கள் மின்விளக்கால் ஒளிரத் தொடங்கிய காலம் அது. நகரத் தொழிற்சாலைகளை நாடி உழவர் மக்கள் ஊரைவிட்டுப் பெயரத் தொடங்கினர். நிலக்கரிச் சுரங்கமோ பெரும் நீர்வீழ்ச்சியோ இல்லாத நாடு டென்மார்க். மின்சாரம் நகரத்திற்கு மட்டுமே உரியதாயின் சிற்றூர் நலிந்து போகும் என்று லா கூர் அஞ்சினார். ஆனால் சிற்றூர்களில் காற்று இருந்தது. மாவரைக்கும் காற்றாலைகளும் ஏராளமாக இருந்தன. இக்காற்றைக் கொண்டே சிற்றூருக்கு ஒளி தர முடியாதா என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

காற்று மின்சாரமாகும் முறை

காற்றாலை ஐரோப்பாவில் தோன்றியதன்று. பாரசீகத்தின் கிழக்கே சிஸ்தான் நிலப்பகுதியில் காற்றைக் கொண்டு நீர் இறைத்ததையும் ஆலைகளை இயக்கியதையும் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புவியியல் அறிஞர்களான அல் மஸ்ஊதி, அல் இஸ்தக்ரி ஆகியோர் தம் நூல்களில் குறித்துள்ளனர். அவ்வாலைகளின் அச்சு செங்குத்தாக நின்றது. ஐரோப்பிய ஆலைகளின் அச்சோ கிடையாக அமைந்தது. இரண்டிலும் நோக்கம் ஒன்றே. காற்றின் விசையைச் சுழற்சியாக மாற்றுவதே அது.

அச்சுழற்சி மின்சாரமாவதற்கு மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல் விதியே அடிப்படை. காந்தப்புலத்தில் கம்பிச் சுருள் ஒன்றைச் சுழற்றினால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். இவ்விதியால் அமைந்த கருவியே டைனமோ. மிதிவண்டியின் சக்கரத்தோடு உரசிச் சுழலும் சிறு டைனமோ விளக்கை எரியச் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். காற்றாலையிலும் நிகழ்வது இதுவே. இறக்கைகள் மெல்லச் சுழலும். பற்சக்கரங்களும் வார்ப்பட்டைகளும் அச்சுழற்சியை விரைவுபடுத்தி டைனமோவிற்குக் கொண்டு சேர்க்கும்.

நீர்வீழ்ச்சியிலும் கடலோதத்திலும் புவிவெப்பத்திலும் மின்சாரம் பெறுதலும் இம்முறையைச் சார்ந்ததே. சுழற்றும் கை வேறு. சுழலும் கருவி ஒன்று. கதிரொளி மின்கலம் மட்டுமே இதற்கு விலக்கு. அங்குச் சுழல்வது எதுவுமில்லை. ஞாயிற்றின் ஒளி சிலிக்கான் படிகத்திலுள்ள எலக்ட்ரான்களை விடுவித்து மின்னோட்டமாகச் செலுத்துகிறது. பயன்படத்தக்க அளவில் அது 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. முறை வேறாயினும் குறை ஒன்றே. காற்று நின்றால் காற்றாலை நிற்கும். கதிரவன் மறைந்தால் கதிரொளிக் கலம் உறங்கும். நிலக்கரியைக் குவித்து வைக்கலாம். காற்றையும் வெயிலையும் குவித்து வைத்தல் இயலாது.

காற்றிலிருந்து முதன்முதல் மின்சாரம் எடுத்தவர் லா கூர் அல்லர் என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் கடமையாகும். 1887-இல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் தம் விடுமுறை இல்லத்தில் காற்றாலையால் விளக்கேற்றினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்னும் செல்வர், 144 இறக்கைகள் கொண்ட மாபெரும் காற்றாலையைத் தம் மாளிகையின் தோட்டத்தில் எழுப்பினார். பிளைத் தம்மிடம் மிகுந்த மின்சாரத்தை ஊர்த்தெருவிற்கு ஈய முன்வந்தபொழுது, அது சைத்தானின் வேலை என்று அஞ்சி ஊரார் மறுத்துவிட்டனர் என்று கூறுவர். அவ்விருவரும் தத்தம் வீட்டிற்கு ஒளி தேடினர். லா கூர் ஊருக்கு ஒளி தேடினார். ஊரார் அஞ்சாது ஏற்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். இவ்வேறுபாடே இவரைத் தனித்துக் காட்டுகிறது.

நிலையாக் காற்றும் நிலைத்த ஒளியும்

அரசின் பொருளுதவியோடு 1891-ஆம் ஆண்டு அஸ்கோவில் ஆய்வுக் காற்றாலை ஒன்றை லா கூர் நிறுவினார். இரு இடர்கள் உடனே எதிர்ப்பட்டன.

காற்றின் விசை நிலையில்லாதது என்பது முதல் இடர். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகும். சிறிய வீச்சு ஒன்று சுழற்சியை வெறியேற்றும். மறுநொடியே அது தளரும். இத்தகைய சுழற்சியால் இயங்கும் டைனமோவில் விளக்கு ஒருகணம் கண்ணைப் பறிக்கும், மறுகணம் மங்கும். இதனை நீக்க லா கூர் கிராட்டோஸ்டாட் என்னும் கருவியை அமைத்தார். காற்றாலைக்கும் டைனமோவிற்கும் இடையே, எடை ஒன்றால் இழுத்துப் பிடிக்கப்பெற்ற ஏற்பாடாக அது அமைந்தது. விசை ஓரளவிற்கு மேல் மிகும்பொழுது மிகுதி டைனமோவைச் சென்றடையாது. புயலடித்தாலும் தென்றல் வீசினாலும் டைனமோ உணர்வது ஏறத்தாழச் சீரான விசையையே. பிற்காலத்தில் அவரே இதனை எளிய சாய்வு அமைப்பாகத் திருத்தி, சிற்றூர்க் கொல்லரும் செய்து தரும் வண்ணம் ஆக்கினார். எளிமையே அவர்தம் பொறியியலின் உயிர்நாடி.

காற்று முற்றிலும் ஓய்ந்துவிடுதல் இரண்டாம் இடர். மின்கல அடுக்குகள் அந்நாளில் பெருவிலை கொண்டவை. ஆதலின் லா கூர் வேறு வழி நாடினார். நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். மின்னாற்பகுப்பு என்னும் இம்முறையில், காற்று வீசும் வேளையில் கிடைக்கும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, வாயுக்களைத் தொட்டிகளில் சேமித்தார். இத்துறையில் வல்லவரான இத்தாலி நாட்டுப் போம்பெயோ கருட்டியின் முறையையும் அறிந்து பயன்கொண்டார். ஹைட்ரஜன் தொட்டியின் கொள்ளளவு 12 கன மீட்டர். 1895 முதல் 1902 வரை ஏழாண்டுகள் அஸ்கோவ் பள்ளி இவ்வாயுவின் ஒளியிலேயே பயின்றது. நேற்றைய காற்று இன்றிரவு விளக்காக எரிந்தது எனலாம்.

இப்பணி இன்னலின்றி நடந்ததன்று. ஹைட்ரஜனோடு சிறிதளவு ஆக்ஸிஜன் கலந்துவிட்டாலும் அது வெடிக்கும் இயல்பினது. அவ்வாறு வெடித்துப் பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் ஒருமுறையன்று, பலமுறை நொறுங்கின. ஒவ்வொரு முறையும் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. மாணவர் தங்கிப் பயிலும் பள்ளி அது. ஊரார் நம்பிக்கையையும் அரசின் உதவியையும் ஒருங்கே இழக்கும் நிலை எந்நேரமும் காத்திருந்தது. அத்தகைய சூழலிலும் மனந்தளராது அவர் ஆய்வைத் தொடர்ந்தார்.

எனினும், ஓராய்வின்மேல் கொண்ட பற்று அவர் கண்ணை மறைக்கவில்லை. வாயு விளக்கு பள்ளிக்கு உதவியது. ஊர்முழுவதும் பரவ அது ஏற்றதன்று. ஏழாண்டு உழைப்பை ஒதுக்கிவைக்க அவர் தயங்கவில்லை. 1902-இல் அஸ்கோவ் காற்றாலை மின்கல அடுக்குகளோடு இணைக்கப்பெற்று, ஊருக்கே மின்சாரம் வழங்கும் நிலையமாயிற்று. காற்று வலுக்கும்பொழுது மின்கலங்கள் நிறையும். காற்று ஓயும்பொழுது மின்கலத்திலுள்ள மின்சாரம் டைனமோவிற்குத் திரும்பிப் பாய்ந்து வீணாகாதபடி, தானே இணைத்துத் தானே பிரிக்கும் திறப்பு ஒன்றையும் அவர் அமைத்தார். தாம் கண்டதைவிடப் பயன்பட்டதையே போற்றிய பண்பு இங்கு நோக்கத்தக்கது.

இறக்கை பற்றிய ஆய்வு

காற்றாலைக்கு இறக்கைகள் எத்தனை வேண்டும், எவ்வடிவில் வேண்டும் என்பன வழிவழியாக வந்த அனுபவத்தாலேயே முடிவு செய்யப்பெற்றன. இறக்கை மிகுந்தால் ஆற்றல் மிகும் என்னும் எண்ணம் பலரிடம் நிலவியது. பிரஷின் 144 இறக்கைகள் இதற்குச் சான்று. லா கூர் இதனை ஆய்ந்து பார்க்க முற்பட்டார். உருளை வடிவக் குழாயில் விசிறியால் சீரான காற்றைச் செலுத்தி, அக்காற்றில் சிறு இறக்கை மாதிரிகளை நிறுத்தி அளந்தார். காற்றுச் சுரங்கம் என்று இன்று வழங்கப்பெறும் ஆய்வுக்கருவியின் தொடக்ககால வடிவங்களுள் இதுவும் ஒன்று. ரைட் சகோதரர்கள் வானூர்திக்காகக் காற்றுச் சுரங்கம் அமைத்தது 1901-இல். லா கூரின் ஆய்வு அதற்கும் முற்பட்டது.

விரைந்து சுழலும் சில இறக்கைகளே பல இறக்கைகளைவிட மிகுந்த ஆற்றலைத் தரும் என்பது அவர் கண்ட முடிவு. அவ்விறக்கையின் பரப்பு தட்டையாயிராது வளைவு கொண்டதாகவும், நடுவிலிருந்து நுனிநோக்கிச் செல்லச் செல்லச் சாய்கோணம் மாறுவதாகவும் அமைதல் வேண்டும். இம்முடிவுகளைக் கொண்டு நான்கு இறக்கைகள் உடைய இலக்கியக் காற்றாலை ஒன்றை, அதாவது இலக்கணம் அனைத்தும் நிரம்பிய காற்றாலை ஒன்றை, அவர் வகுத்தார். 1897-இல் அஸ்கோவில் பெரியதோர் ஆய்வுக் காற்றாலை எழுந்தது. தம் முடிவுகளை அவர் மறைத்து வைக்கவில்லை. ஆய்வுக் காற்றாலை என்னும் பெயரில் 1900-இலும் 1903-இலும் நூல்களாக வெளியிட்டு, நாட்டின் ஆலைத் தச்சர்களும் படித்தறியச் செய்தார். 1905-இல் அவர் ஆய்வு செருமானிய மொழியிலும் நூலாக வந்தது.

சிற்றூர் மின்னாளர்கள்

கருவியைக் கண்டுபிடித்தால் போதாது. அதனைப் பழுதுபார்க்க ஊர்தோறும் ஆள் வேண்டும் என்பதை லா கூர் நன்குணர்ந்திருந்தார். நகரத்துப் பொறியாளர் ஒருவரை எதிர்பார்த்துச் சிற்றூர் காத்திருக்குமாயின் அவ்வூரின் விளக்கு எரியும் நாளைவிட அணைந்த நாளே மிகும். ஆதலின் 1903-இல் டென்மார்க் காற்று மின்சாரக் கழகம் தோன்றக் காரணமானார். தம் ஊரில் மின்நிலையம் அமைக்க விரும்பும் மக்களுக்கு வழிகாட்டுவதே அக்கழகத்தின் பணி. 1904-இல் சிற்றூர் மின்னாளர்களுக்கான பயிற்சி வகுப்பை அஸ்கோவில் தொடங்கினார். உழவர் வீட்டு இளைஞர்கள் அங்கு வந்து மின்னியலின் அடிப்படைகளைக் கற்றனர். கம்பி இழுக்கவும், டைனமோவைப் பிரித்துப் பூட்டவும், மின்கலங்களைப் பேணவும் கைப்பழக்கம் பெற்றனர். பின்னர் ஊர்திரும்பி, ஊரார் கூட்டாகப் பணமிட்டு அமைத்த சிறு மின்நிலையங்களைப் பொறுப்பேற்று நடத்தினர். காற்று மின்சாரத்திற்கென்றே ஓர் இதழும் 1905-இல் வெளிவரத் தொடங்கியது.

அந்நிலையங்களில் காற்று நெடுநாள் ஓய்ந்துவிட்டால் உதவுவதற்கு எண்ணெய் எஞ்சின் ஒன்றும் துணையாக இருந்தது. காற்று ஒன்றையே நம்பியிருங்கள் என்று லா கூர் மக்களை ஏமாற்றவில்லை. காற்றின் குறையை ஒளிக்காது கூறி, அக்குறைக்கு மாற்றும் காட்டியமையாலேயே மக்கள் அவரை நம்பினர்.

மறைவும் மாணவர் பணியும்

1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், அஸ்கோவிலேயே லா கூர் இயற்கை எய்தினார். அவர் விதைத்த விதை அவருக்குப்பின் முளைத்தது. முதல் உலகப் போரின்போது எரிபொருள் அரிதாகவே காற்றாலைகளின் அருமை உணரப்பெற்றது. 1918-இல் டென்மார்க்கில் ஏறத்தாழ 120 சிற்றூர் மின்நிலையங்கள் காற்றாலைகளைக் கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் ஆற்றலும் பெரும்பாலும் 20 முதல் 35 கிலோவாட் வரை. நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை அவை நிறைவு செய்தன.

ஆனால் காலம் மாறியது. பெரும் மின்நிலையங்களிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் மாறுதிசை மின்னோட்டம் ஊர்களை எட்டியது. லா கூரின் நிலையங்களோ மின்கலத்தை நிறைக்கும் நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்குபவை. மலிவான எண்ணெயும் நிலக்கரியும் வரவே, சிறு காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆசானின் பணி வீணாயிற்று என்றே பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

அவ்வாறு ஆகாமல் காத்தவர் ஒரு மாணவர். 1904-ஆம் ஆண்டு வகுப்பில் பயின்ற இளைஞர்களுள் யோஹான்னஸ் யூல் என்பாரும் ஒருவர். வகுப்பில் அமர்ந்தபொழுது அவர் பதின்பருவத்தினர். பின்னாளில் மின்வாரியம் ஒன்றில் பணியாற்றிய அவர், முதுமையை நெருங்கும் வயதில் ஆசானின் வினாவை மீண்டும் கையிலெடுத்தார். காற்றாலையை மின்கலத்தோடு இணைப்பதற்கு மாறாக, மாறுதிசை மின்னோட்ட வலையத்தோடு நேரே இணைத்தால் என்ன என்று எண்ணினார். 1957-இல் கெட்சர் என்னும் கடற்கரை ஊரில் 200 கிலோவாட் ஆற்றலும் 24 மீட்டர் விட்டமும் மூன்று இறக்கைகளும் கொண்ட காற்றாலையை எழுப்பினார். புயலில் கட்டுமீறிச் சுழலாதவாறு இறக்கை நுனிகளே தடையாகத் திரும்பும் அமைப்பையும் அதில் சேர்த்தார். 1967 வரை அது இயங்கியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபொழுது, அறிஞர்கள் நாடிச் சென்றது கெட்சர் காற்றாலையையே. அதன் வழியில் டென்மார்க்கின் காற்றாலைத் தொழில் எழுந்தது. 1991-இல் விந்தெபி என்னுமிடத்தில் உலகின் முதல் கடல்சார் காற்றாலைப் பண்ணை 11 காற்றாலைகளோடு இயங்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் டென்மார்க்கின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்தே கிடைக்கிறது. காற்று மிகும் நாளில் கடலடிக் கம்பி வழியே நார்வேக்கு மின்சாரத்தை அனுப்பி, குறையும் நாளில் அந்நாட்டின் அணைநீர் தரும் மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

அவ்வழி நம் தமிழ்நாட்டையும் வந்தடைந்தது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை அமைந்தது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையம் டென்மார்க் அரசின் உதவியோடு நிறுவப்பெற்றது. இன்று தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டிற்கும் மேல். ஆயினும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் மின்சாரம் பெருகுவதும், காற்று ஓய்ந்தபின் குறைவதும் நாம் அறிந்ததே. 2012-ஆம் ஆண்டையொட்டி நிலவிய நெடிய மின்வெட்டுக் காலத்தில் மெழுகுவத்தி ஒளியில் தேர்வுக்குப் படித்த மாணவர்களுக்கு லா கூரின் இரண்டாம் வினாவை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

நிறைவுரை

உலகம் இன்று அவ்வினாவிற்கே மீண்டும் வந்து நிற்கிறது. காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைப் பெரும் மின்கலங்களில் சேமிக்க முனைகின்றனர். அம்மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமிக்கவும் முனைகின்றனர். இந்திய அரசும் 2023-ஆம் ஆண்டு சனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. புத்தம்புதிய அறிவியலாக இன்று பேசப்பெறும் இது, 1895-இலேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வகுப்பறைகளில் ஒளியாக எரிந்தது. அவர் ஒதுக்கிவைத்த ஆய்வும் வீண்போகவில்லை. அதற்குரிய காலம் வரக் காத்திருந்தது.

லா கூர் வாழ்வில் நாம் கற்க வேண்டிய பாடம் பிறிதொன்றும் உண்டு. அவர் எழுப்பிய காற்றாலைகள் நின்றன. அவர் அமைத்த நேர்த்திசை மின்நிலையங்கள் மறைந்தன. மறையாது நின்றவை அவர் எழுதிய நூல்களும் அவர் உருவாக்கிய மாணவர்களுமே ஆகும். 1904-இல் ஒரு வகுப்பறையில் கேட்ட பாடம் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கெட்சர் கரையில் காற்றாலையாக எழுந்தது. ஆசிரியப் பணியின் பயன் உடனே தெரிவதன்று. தாம் கற்பித்தது எவருள்ளத்தில், எந்நாளில் முளைக்கும் என்பதை ஆசிரியர் அறியார். அறியாதபோதும் விதைத்தலே அவர் கடன்.

காற்று நம் ஊர்க் கணவாய்களில் இன்றும் வீசுகிறது. அது ஓய்ந்த இரவிலும் கடைக்கோடிச் சிற்றூரின் மாணவன் படிக்கும் விளக்கு அணையாதிருத்தல் வேண்டும். அதற்கு வழி காணும் பொறுப்பு, இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் மாணவச் செல்வங்களுள் எவரேனும் ஒருவருடையதாக அமையுமாயின், அஸ்கோவின் அந்த ஆசானுக்கு நாம் செலுத்தும் சிறந்த நன்றி அதுவே ஆகும்.